வலித்தால்தான் மசாஜா?

மாரத்தான் முடிகிற இடத்தில் போட்டிருக்கும் பிசியோ கூடாரத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். குப்புறப் படுத்திருப்பவரின் கெண்டைக்காலில் ஒருவர் முழங்கையை ஊன்றி, உடம்புப் பாரத்தை முழுக்க இறக்குவார். படுத்திருப்பவர் பல்லைக் கடிப்பார்; கண்ணில் தண்ணீர் முட்டும். "பொறுத்துக்கோங்க சார், லாக்டிக் ஆசிட்டெல்லாம் வெளியே போகுது" என்று ஆறுதல் வரும். எழுந்து நொண்டிக்கொண்டே போகிறவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. டீப் டிஷ்யூ மசாஜ் என்றால் வலிக்க வேண்டும், வலிக்காவிட்டால் கொடுத்த காசு வீண் என்று கபடி வீரரிலிருந்து ஜிம்முக்குப் போகிற ஐ.டி. ஊழியர் வரை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அறிவியல் முலாம் பூசித் தருவது லாக்டிக் ஆசிட் பேச்சுதான். அது பொய்.

பெரிய இடத்தில் பிறந்த பொய் என்பதை மறுக்கவில்லை. 1907இல் கேம்பிரிட்ஜில் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளையின் தசையை வெட்டியெடுத்து ஆராய்ந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் இயங்கிக் களைத்த தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். தசை பற்றிய ஆய்வுகளுக்காக ஹில்லும் மெயர்ஹாஃபும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். களைப்புக்குக் காரணம் அமிலம், அமிலம் என்றால் கழிவு, கழிவைப் பிழிந்தெடுக்க வேண்டும் என்று மைதானத்துக்காரர்கள் மீதிக் கதையை எழுதிக்கொண்டார்கள். ஆனால் வெட்டியெடுத்த தவளைக் காலுக்கு இரத்த ஓட்டம் கிடையாது; அதில் சேர்ந்தது வெளியே போக வழியில்லை. ஓடி முடித்த மனிதருக்கு இதயமும் ஈரலும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. தசையில் உருவாகும் லாக்டிக் அமிலத்தை, அதாவது லாக்டேட்டை, இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஈரல் அதைத் திரும்பச் சர்க்கரையாக்குகிறது. இது கழிவல்ல, உடலுக்குள் கைமாறும் எரிபொருள் என்று கலிஃபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து சொல்லிவருகிறார். கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடும். மெல்ல நடந்துகொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். மறுநாள் மாலை மசாஜ் மேசையில் படுப்பவரின் காலில் பிழிந்தெடுக்க ஒன்றும் இருக்காது.

அப்படியானால் மறுநாள் வலி எங்கிருந்து வருகிறது? வெள்ளியங்கிரி போய்வந்தவர்களைக் கேளுங்கள். மூச்சு வாங்கியது ஏறும்போது. தொடை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டுப் படியில்கூட இறங்க முடியாமல் போனது, மலையிலிருந்து இறங்கியதால். அமெரிக்க ஆய்வாளர் ஷ்வேனும் அவர் குழுவினரும் 1983இல் இதையே அளந்து காட்டினார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டேட் ஏறியது, பிறகு வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியபோது லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது. வழக்கை முடித்துவைக்க இது ஒன்றே போதும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அதில் இழைகளுக்கு ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் வலிக்குக் காரணம். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய் அது தானே தணியும். ஏற்கெனவே சிராய்த்துக் கிடக்கும் தசையில் முழங்கையை ஊன்றுவதற்கு என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கை. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கைப்பிடியை இறுக்கும் பயிற்சி கொடுத்து, முன்கையை மசாஜ் செய்து, இரத்த ஓட்டத்தை அளந்தார்கள். 2010இல் வெளிவந்த முடிவு: ஒவ்வொரு அழுத்தலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது, லாக்டிக் அமிலம் வெளியேறுவதும் தாமதமாகிறது.

லாக்டிக் ஆசிட் கைவிட்டால் அடுத்து "முடிச்சு" வரும். தசையில் முடிச்சு விழுந்திருக்கிறது, தசையுறை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை உடைக்கத்தான் இவ்வளவு பலம் என்பார்கள். கையில் தட்டுப்படும் இறுக்கத்தை நான் மறுக்கவில்லை. அது என்ன என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆனால் கயிற்றைப் போல ஒன்று முடிந்துகிடப்பதாகவும் கட்டைவிரலால் அதை நொறுக்கிவிடலாம் என்றும் நினைப்பது கற்பனை. தொடையின் வெளிப்புறத்திலும் உள்ளங்காலிலும் உள்ள தசையுறையை ஒரே ஒரு சதவீதம் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 2008இல் ஓர் ஆய்வுக் குழு கணக்கிட்டது. மனிதக் கை தரக்கூடிய விசையை அது வெகுவாகத் தாண்டியிருந்தது. மசாஜுக்குப் பிறகு தசை இளகியதாகத் தோன்றுவது உண்மை. இளகச் சொன்னது நரம்பு மண்டலம். உள்ளே எதுவும் உடைபடவில்லை. மிரட்டினால்தான் நரம்பு மண்டலம் கேட்கும் என்று யார் சொன்னது?

மசாஜே வீண் என்று வாதாட வரவில்லை. 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலில் மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு கால்களிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. லாக்டேட் அளவில் மாற்றமில்லை. 2020இல் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். வலிமை, தாவல், வேகம், தாங்குதிறன் எதுவும் மசாஜால் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உடல் வளையும் தன்மை சற்றுக் கூடியது, மறுநாள் வலி சற்றுக் குறைந்தது. அந்தச் 'சற்று' வேண்டுமென்பவர் தாராளமாக மேசையில் படுக்கட்டும். சுகமாக இருந்தது, நன்றாகத் தூங்கினேன் என்பதும் ஒரு விளையாட்டு வீரருக்குச் சின்ன விஷயமல்ல. ஆனால் அலறினால் பலன் இரட்டிப்பாகும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் எந்தச் சான்றும் இல்லை.

"பாட்டன் காலத்து முறையைக் குறை சொல்கிறாயா" என்று சிலர் கோபிப்பார்கள். பாட்டன்கள் நம்மைவிட விவரமானவர்கள். சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணத்தில் ஒன்பது வகை உண்டு. தட்டல், பிடித்தல், அசைத்தல் என்று நீளும் அந்தப் பட்டியலில் அழுத்தல் ஒன்றே ஒன்று. களரி மரபின் மசாஜான உழிச்சில் எண்ணெயோடு, பெரும்பாலும் மழைக்காலத்தில், பல நாள் தொடர்ந்து, பத்தியமும் ஓய்வுமாக நடப்பது. இரவு அழுத்தி எடுத்துவிட்டுக் காலையில் போட்டிக்கு அனுப்பும் அவசரத்துக்கு அதன் பெயரைக் கடன் வாங்கக் கூடாது.

பெரிய வீரர்களெல்லாம் செய்துகொள்கிறார்களே என்ற கேள்வியும் வரும். அவர்கள் பக்கத்தில் மருத்துவர் இருக்கிறார், எந்தத் தசையில் என்ன காயம் என்று ஸ்கேன் பார்த்தவர் இருக்கிறார். நம் மாவட்டப் போட்டிகளில் அழுத்துகிறவர் பல சமயம் பயிற்சியாளர்தான், அல்லது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பையன். "வலிக்குது சார்" என்றால் "பொறுத்துக்கோ" என்பதுதான் அங்கே மருத்துவம். விளையாட்டில் வலியைப் பொறுத்தவனுக்கே மரியாதை என்று வளர்த்துவிட்டோம். அந்தப் பையன் எப்படி வாய் திறப்பான்?

திறக்காததன் விலை சில நேரம் பெரிது. கபடியில் முழங்கால் இடித்துத் தொடை கன்றிப்போனால், உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். முதல் சில நாள்களில் அதைப் போட்டு அழுத்தினால் கசிவு கூடும்; தசைக்குள் எலும்பு வளரும் அபாயமும் உண்டு, அப்புறம் முழங்காலை மடக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். மிதமிஞ்சிய அழுத்தத்தால் தசை சிதைந்து, அதன் சிதைவுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. மசாஜுக்குப் பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அதைக் 'கழிவு வெளியேறுது' என்று கொண்டாடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீண்ட ரயில், பஸ் பயணத்துக்குப் பிறகு ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது தசைப்பிடிப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரத்தக் குழாய்க்குள் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அழுத்தினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அந்தக் காலை யாரும் தொடக் கூடாது, முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும்.