இணையக் கடைத்தெருவும் தீர்த்தமலைப் புளியும்

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகுத்துக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த சிறப்பைப் பட்டினப்பாலை வாயிலாக ஆண்டுதோறும் கற்பித்து வருகிறோம். வகுப்பு முடிந்ததும் அதே மாணவர்கள் நம்மை வழிமறித்து, "ஐயா, ஆன்லைனில் எதை விற்றால் இலாபம் வரும்?" என வினவுகின்றனர். இது தமிழ்த்துறைக்குரிய வினா அன்று என ஒதுங்கிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் உண்டு.

தீர்த்தமலைப் பகுதியிலிருந்து வந்து நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பட்டம் பெற்ற கையோடு இணைய வணிகத்தில் இறங்கினார். எல்லாரும் வாங்குவதையே விற்க வேண்டும் என்றெண்ணிக் கைப்பேசி உறைகளை மொத்தமாக வாங்கிக் குவித்தார். அதே உறையை அவரினும் ஐந்து ரூபாய் குறைத்து விற்க நூறு பேர் இருந்தனர். பொருள் வந்தபின் பணம் தருவதாகச் சொன்னவர்களுள் பலர் பொதியை வாங்காமலேயே திருப்பி அனுப்பினர். போன கூலியும் வந்த கூலியும் இவர் தலையில் விழுந்தன. தாயாரின் வளையல்கள் அடகுக் கடையிலிருந்து இன்னும் மீளவில்லை. இன்று அவர் பெங்களூரில் ஒரு கிடங்கில் பிறருடைய பொதிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் உழைப்புக்கு அஞ்சியவர் அல்லர். வினாவைத்தான் தவறாகக் கேட்டார். எது மிகுதியாக விற்கிறது என்று கேட்டாரேயன்றி, யாருக்கு எது அருகில் கிடைக்கவில்லை என்று கேட்கவில்லை. ஜெஃப் பெசோஸ் 1994இல் அமேசானைத் தோற்றுவித்து, மறு ஆண்டு விற்பனையைத் தொடங்கியபோது தேர்ந்துகொண்ட பொருள் புத்தகம் ஒன்றே. எவ்வளவு பெரிய கடையும் எல்லா நூல்களையும் அடுக்கி வைக்க இயலாது. இணையத்தில் அந்த இடநெருக்கடி இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருவராகச் சிதறிக் கிடக்கும் வாங்குவோரை ஒன்றுசேர்த்தால் அதுவே ஒரு சந்தையாகும் என்னும் கருத்தை, 2004இல் கிறிஸ் ஆண்டர்சன் 'நீண்ட வால்' என்று பெயரிட்டு விளக்கினார்.

நம் மக்களுக்கு இது புதிதன்று. கீழக்கரைத் தொதல் எல்லார்க்கும் உரிய தின்பண்டமன்று. அவ்வூரில் பிறந்து வளைகுடாவிலும் மலேசியாவிலும் வாழ்வோர்க்கு அதன் சுவை பிறந்தகத்தின் சுவை. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் புவிசார் குறியீடு பெற்றன. கடலையும் வெல்லமும் கிடைக்காத ஊரில்லை. எனினும் கோவில்பட்டி என்னும் பெயரைக் கேட்டு வாங்குவோர் தனியே இருக்கின்றனர்.

இனித் தீர்த்தமலைக்கு வருவோம். அரூர் வட்டத்து இம்மலைக்குத் தீர்த்தமாட வருவோர் பலர். அடிவாரக் கடைகளோ அவர்கள் வருகையை மட்டுமே நம்பியிருப்பவை. சுற்றிலும் புளிய மரங்கள். சித்தேரி மலைப்பக்கம் சாமை. மாசி, பங்குனியில் உலுக்கிய புளி மூட்டையாகக் கட்டப்பட்டு மண்டிக்குப் போகிறது. அங்கே ஊர்ப்பெயரை இழந்து வெறும் புளியாகிறது.

ஆண்டுக்கு வேண்டிய புளியை ஒரே முறையில் வாங்கி, கொட்டை நீக்கி, வெயிலில் உலர்த்தி, உப்பிட்டுப் பானையில் அடைத்து வைப்பது நம் இல்லங்களின் பழைய வழக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு வெயிலும் இல்லை, கொட்டை எடுக்கும் கையும் இல்லை. அந்தப் புளியின் மேல் ஆசை மட்டும் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் தருமபுரிக் குடும்பங்களுக்கு, இவ்வாண்டுப் புளியைப் பக்குவம் செய்து ஐந்து கிலோப் பொதியாக அனுப்பினால் என்ன? கால் கிலோவாக விற்றால் அஞ்சல் கூலியே இலாபத்தை விழுங்கிவிடும்; ஆண்டுக் கொள்முதலாக விற்றால் கூலி பரவலாகிறது. பணத்தை முன்னரே பெற்று அனுப்புவதும் இத்தகைய வாடிக்கையில் எளிது. கையிருப்பைக் குவித்துவிட்டு ஆள் தேடுவதை விடுத்து, இருபது குடும்பங்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் புளி வாங்கலாமே! அந்த இருபதும் தேறாவிட்டால் அத்தொழில் வேண்டா. இழப்பு தொலைபேசிச் செலவோடு நின்றுவிடும்.

சட்டமும் சிறிது வழிவிட்டிருக்கிறது. முன்னர் இணைய நிறுவனங்கள் வழியே பொருள் விற்கச் சிறு வணிகரும் சரக்கு-சேவை வரிப் பதிவு பெற வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் முதல், வரம்புக்கு உட்பட்ட விற்பனை உடையோர் தம் மாநிலத்துக்குள் மட்டும் அப்பதிவின்றி விற்கலாம். பெங்களூருக்கு அவ்வழியே அனுப்ப இச்சலுகை உதவாது. ஆகவே சென்னையில் தொடங்குவது நன்று. உணவுப் பொருளாதலால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எப்படியும் வேண்டும்.

இவை எல்லாவற்றினும் நமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணுமாறு அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என அவர்கள் எச்சரித்த செய்தியை நாம் அறிவோம். இணையத்தில் வாங்குபவர் குவியலுக்குள் கைவிட முடியாது. அவர் காண்பது படம் ஒன்றே. நாள்பட்டால் புளி கறுக்கும். தீட்டாத சாமை விரைவில் சிக்குவாடை பெறும். கறுத்த புளியையும் படமெடுத்து, இது சென்ற ஆண்டினது, விலை இவ்வளவு என்று எழுதி விற்பவரிடம் மறுமாசியிலும் வாங்க வருவர். புதுப்புளிப் படத்தைக் காட்டிப் பழம்புளியை அனுப்புபவருக்கு அந்த இருபது குடும்பங்களும் மீளா. சிறுசந்தையில் ஒருவர் கசந்தால் உறவுக்காரர் அனைவரும் கசப்பர்.

பெரியோர்களிடமும் ஒரு சொல். கைப்பேசி உறை வாங்க வட்டிக்கடை கொடுத்த பணத்தை, புளி வாங்க நம் ஊர் ஜமாஅத் ஏன் அழகிய கடனாகக் கொடுக்கலாகாது? நம் கல்லூரியில் பயின்ற பிள்ளை எச்சமயத்தவராயினும் கேட்கலாம் என்றிருக்க வேண்டும். கல்வி உதவித்தொகை வழங்கும் விழாக்களுக்குப் பந்தல் போடுகிறோம். பட்டம் பெற்ற மறுநாள் அப்பிள்ளை யாரிடம் போய் நிற்கிறான் என்று நாம் பார்ப்பதில்லை. தமிழ்த்துறையும் இதற்கு விலக்கன்று.

மாசி பிறந்தால் புளி உலுக்கத் தொடங்கிவிடுவர். இம்மலரின் படி ஒன்றைப் பெங்களூர்க் கிடங்கின் முகவரிக்கு அனுப்ப இருக்கிறோம். முதல் ஐந்து கிலோவுக்குரிய பணத்தையும் உடன் அனுப்புகிறோம்.