முதலிடமே இல்லாத சைக்கிள் பயணம்!

மேட்டூரிலிருந்து சேலம் சுமார் 50 கி.மீ. ஒரே நாளில் இரண்டு முறை போய்வந்தால் 200 கி.மீ. சைக்கிளில் முடியுமா?

முடியும். பிரான்ஸில் தொடங்கி இன்று இந்தியாவிலும் நடக்கும் ‘பிரெவே’ நெடுந்தூரப் பயணங்களில் 200 கி.மீ-க்குக் கெடு 13.5 மணி நேரம். சராசரியாக மணிக்கு 15 கி.மீ. போனால் போதும். மவுன்டன் பைக்கிலும் போகலாம். ஆனால், அதன் பட்டன் டயர் தார் ரோட்டில் வேகத்தைக் குறைக்கும். வழவழப்பான டயர் மாற்றிக்கொண்டால் கால் தப்பிக்கும்.

இதில் முதலிடம், பரிசுத்தொகை எதுவும் இல்லை. கெடுவுக்குள் முடித்தவர்கள் எல்லோரும் சமம்.

ஆனால் டீ, சாப்பாடு, பங்க்சர் எல்லாமே அந்த நேரக் கணக்கில்தான். வழியில் உதவி செய்ய வீட்டு ஆட்கள் காரில் பின்தொடரக் கூடாது. கூட ஓட்டும் நண்பர்கள் உதவலாம். நண்பனுக்காக அரை மணி நேரம் நின்றால், அந்த அரை மணி உங்களுக்கும் போச்சு!

அதனால் ஆளுக்கொரு ஸ்பேர் டியூப், பம்ப், முன்-பின் லைட், ஒளிரும் மேல்சட்டை அவசியம். நிற்பதா, போவதா என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

முதல் பயிற்சியாக, ஞாயிறு விடிகாலையில் சேலம் வரை ஒருமுறை போய்வாருங்கள். உங்கள் செட்டில் மெதுவாக ஓட்டுபவர் யார்? அவரை முன்னால் விடுங்கள்!