திமிர் எவருக்கு?

எபிரேயரின் ஆதியாகமம், 11ஆம் அதிகாரம். கல்லுக்குப் பதில் செங்கல் சுட்டனர் மக்கள், நிலக்கீலைச் சாந்தாக்கினர், வானளாவக் கோபுரம் எழுப்பினர். அனைவர்க்கும் ஒரே மொழி! கண்டார் கடவுள். இனி இவர்களால் ஆகாதது எதுவுமில்லை என்று எண்ணினார்; மொழியைக் குழப்பினார், மக்களைச் சிதறடித்தார். ஆணவத்துக்குத் தண்டனை என்கின்றனர் போதகர்கள். தோழர்களே, ஆணவம் என்ற சொல்லையே அக்கதையில் காணோம்! தங்களுக்கொரு பெயர் வேண்டினர் மக்கள், அவ்வளவே. நாம் காண்பதெல்லாம் கடவுளின் கலக்கம்!

நம் நாட்டுக் கதை மட்டும் வேறா? வணங்க மறுத்தான் இரணியன், குடல் கிழிக்கப்பட்டான். அவனை இணையற்ற வீரனாக்கி நாடகம் தீட்டினார் பாரதிதாசன். 1934இல் மேடையேறிய அந்நாடகத்துக்கு 1948இல் தடை! ஆண்டவனுக்கு மட்டுமா கலக்கம், ஆள்வோர்க்கும் அன்றோ?

செருக்கைச் சாடவே கூடாதென்போமா? இல்லை. பாபிலோன் மன்னனின் செருக்கை ஏசாயா எள்ளி நகையாடுகிறாரே, அதை வரவேற்கிறோம்; அடி விழுவது கொடுங்கோலன்மீது. 1944இல், நீதிக்கட்சி திராவிடர் கழகமான சேலம் மாநாட்டில், வெள்ளையன் தந்த பட்டங்களைத் துறக்கச் சொன்னது தீர்மானம், முகஞ்சுளித்தனர் சீமான்கள். செருக்கு குடியிருந்த இடம் அது!

அதே சேலத்தின் செவ்வாய்ப்பேட்டையில், மூட்டை சுமப்பவன் முதுகு நிமிர்த்திக் கூலி கேட்டால், "என்ன திமிர்!" என்கிறார் மண்டி முதலாளி. எந்தக் கோபுரத்தைக் கண்டு மிரண்டாரோ!