சைக்கிளின் முன்சுமை: வாழ்வாதாரத் திட்டங்கள் காணத் தவறிய இடம்

2022 ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவானது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர் அது 177 ரூபா. ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டது. அந்த மாதங்களில் முழு நாடுமே சைக்கிளைத் தேடியது. கொழும்புக்கு அது புதிய அனுபவம். வடக்கு, கிழக்குக்கு அது ஏற்கெனவே படித்து முடித்த பாடம்.

1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் எரிபொருள் தடை குடாநாட்டை இறுக்கியது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்றதெல்லாம் சைக்கிளில்தான்: விறகு, நெல் மூட்டை, தண்ணீர்க் கான், வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நோயாளி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட பல குடும்பங்களுக்கு, சைக்கிளின் பாரிலும் கரியரிலும் ஹாண்டிலிலும் கட்ட முடிந்ததே மிஞ்சிய சொத்து.

போர் முடிந்த பின்னர் மீள்குடியேற்றத்தோடு சைக்கிள்களும் வந்தன. இந்திய அரசின் உதவியில் மட்டும் வடக்குக்கு 10,000 சைக்கிள்கள் வழங்கப்பட்டன. தொண்டு நிறுவனங்களும் தம் பங்குக்குக் கொடுத்தன. நல்ல உதவிதான். ஆனால் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் ஆள் ஏறிப் போகும் வண்டி. சுமையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. முட்டை, மரக்கறி, இடியப்பம், சாப்பாட்டுப் பார்சல் என்று எதையாவது விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்குச் சைக்கிளின் பயனே சுமையில்தான் இருக்கிறது. பின் கரியரில் முன்பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும். ஆகவே சுமை முன்னுக்குப் போகிறது. பை ஹாண்டிலில் தொங்குகிறது.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஹாண்டிலின் ஒரு பக்கத்தில் தொங்கும் பை ஒவ்வொரு மிதிக்கும் ஊசலாடும். வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். முழங்காலில் இடிக்கும். எல்லாவற்றிலும் மோசமானது, பையின் காதோ நாடாவோ முன்சில்லின் கம்பிகளுக்குள் சிக்குவது. பின்சில்லு சிக்கினால் வண்டி இழுபட்டு நிற்கும். முன்சில்லு சிக்கினால் ஓட்டுபவர் ஹாண்டிலுக்கு மேலால் தூக்கி எறியப்படுவார்.

முன்சுமைக்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, ஹாண்டிலில் மட்டும் கொளுவும் கூடை. விலை குறைவு. ஆனால் 5 கிலோவுக்கு மேல் ஏற்றினால் கொளுக்கி வளையும், ஹாண்டில் கனக்கும். கைப்பை, பாண், மருந்து வாங்க அது போதும். வியாபாரத்துக்குப் போதாது.

இரண்டாவது, இரு பக்கமும் கம்பிக் கால்கள் இறங்கி முன்சில்லின் அச்சில் பூட்டப்படும் முன்கரியர். பாரத்தை அச்சு தாங்கும், ஹாண்டில் தாங்காது. தட்டு சில்லுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவுக்கு ஓட்டம் நிதானமாக இருக்கும். 10 கிலோ வரை இதில் ஏற்றலாம். யப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்கள் பலவற்றில் கூடைக்கு இப்படிக் கால்கள் இருப்பதைக் காணலாம். வாங்கும்போது கூடையின் அழகை விட்டுவிட்டு அந்தக் கால்களையும் அச்சு ஆணியையும் பாருங்கள்.

மூன்றாவது, சட்டகத்திலேயே ஒட்டப்பட்ட தட்டு. முற்காலத்தில் பிரித்தானியக் கடைகளின் விநியோகச் சைக்கிள்கள் இப்படித்தான் இருந்தன. முன்சில்லைச் சிறிதாக்கிப் பெரிய கூடையைத் தாழ்வாக வைத்தார்கள். சில்லு திரும்பும், சுமை திரும்பாது. முதல் நாள் அந்தரமாக இருக்கும், பழகினால் அதிக பாரத்துக்கு இதுவே நல்லது. நல்ல வெல்டிங் கடையில் செய்விக்கலாம். ஆனால் முன் போர்க்கில் மட்டும் எதையும் ஒட்டவிடாதீர்கள். சூட்டில் இரும்பு பலமிழந்தால் ஓட்டத்தில் முறியும்.

எங்கள் ஊர்களில் இன்னும் ஓடும் ரலி வகைப் பெரிய சைக்கிள்களில் வேறொரு சிக்கல் உண்டு. அவற்றின் பிரேக் கம்பித் தண்டுகள் ஹாண்டிலுக்கு முன்னால்தான் இறங்குகின்றன. கூடையோ பையோ அந்தத் தண்டில் முட்டினால் பிரேக் முழுதாகப் பிடிக்காது, அல்லது பிடித்தபடியே நிற்கும். சுமையை ஏற்றியபின் ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக்கை அமர்த்திப் பார்த்த பிறகே ஏறவேண்டும். ஒற்றைக்கால் ஸ்ராண்டும் முன்சுமைக்கு உதவாது. நிறுத்தியவுடன் சில்லு தானாகத் திரும்பி வண்டி சரியும், முட்டைக்காரியின் ஒருநாள் உழைப்பு அந்த ஒரு சரிவில் போய்விடும். இரட்டைக்கால் ஸ்ராண்ட் கட்டாயம்.

பை என்று வரும்போது விலை உயர்ந்தது தேவையில்லை. அடி தட்டையாக இருக்கவேண்டும், வாய் மூடக்கூடியதாக இருக்கவேண்டும், தொங்கும் நாடா இருக்கக்கூடாது. உரப்பை நீரை ஓரளவு தாங்கும், ஆனால் உருவம் நிற்காது. உள்ளே ஒரு பிளாஸ்ரிக் கூடையை வைத்தால் நிற்கும். கார்த்திகை, மார்கழி மழைக்குத் தறப்பாளில் தைத்த பை கன்வஸை விட நல்லது. கன்வஸ் நனைந்தால் தானே ஒரு பாரம். கட்டுவதற்குப் பழைய ரியூப்பை வெட்டிய நாடாவுக்கு நிகரில்லை. நுனியை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள்.

எல்லோருக்கும் முன்சுமை பொருந்தாது. ஒரு கையை இழந்தவருக்குப் பாரமான ஹாண்டிலை ஒற்றைக் கையால் அடக்குவது கடினம். அவருக்குப் பின்சில்லின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பைகளே பாதுகாப்பு. செயற்கைக் கால் பொருத்தியவருக்கு நிலைமை மாறும். பின்னால் உயரமாகக் கட்டினால் அவரால் காலைத் தூக்கி ஏற முடியாது. பார் இல்லாத சைக்கிளும் அளவான முன்கரியரும் அவருக்கு வசதி. போரின் காயங்கள் இவ்வளவு பரவிக் கிடக்கும் ஒரு சமூகத்தில், எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சைக்கிளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது அரை உதவி.

சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது. எரிபொருளின் செலவை விலையிலேயே அறவிடுவது அதன் நிபந்தனைகளில் ஒன்று. 177 ரூபாப் பெற்றோல் திரும்பி வரவில்லை. லீசிங்கில் ஸ்கூட்டி எடுத்து, மாதத் தவணைக்கும் எரிபொருளுக்கும் இடையில் நசியும் பெண்கள் எங்கள் கிராமங்களில் குறைவில்லை. நுண்கடன் என்ன செய்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஐந்தாறு கிலோமீற்றருக்குள் நடக்கும் சிறு வியாபாரத்துக்குச் சுமை ஏற்றத்தக்க சைக்கிள் கடனில்லாத ஒரு வழி.

ஆகவே கேட்கவேண்டியவற்றைக் கேட்போம். வாழ்வாதாரத் திட்டத்தில் சைக்கிள் தருபவர்களிடம் முன்கரியரையும் இரட்டைக்கால் ஸ்ராண்டையும் சேர்த்தே கேட்கலாம். பெறுபவர் என்ன ஏற்றப்போகிறார், அவருடைய உடல்நிலை என்ன என்பதைப் பிரதேச செயலகம் படிவத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சுமையோடு வரும் சைக்கிளை நிழலில் நிறுத்தச் சந்தைக்குள் ஓர் இடம் ஒதுக்குவது பிரதேச சபைக்குப் பெரிய செலவல்ல. இவற்றில் எதற்கும் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.