மதுரையில் ஒரே நாள்!
பொட்டிபுரத்துக் குடும்பத்துக்கு மிஞ்சுவது எத்தனை மணி நேரம்?

மேற்கு மலைக்கு அடியில் இருக்கிறது பொட்டிபுரம். தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் பக்கத்துக் கிராமம். இங்குள்ள மலைக்குள் நியூட்ரினோ ஆராய்ச்சிக் கூடம் அமைக்க 2015-ம் ஆண்டு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அப்போது எதிர்ப்பு எழுந்தது. ஊரின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது.

ஆனால் ஊர் ஜனங்களின் கவலை பெரும்பாலும் வேறு. வேலை, கூலி, மழை!

இந்தப் பக்கத்து ஊர்களில் இருந்து ஆணும் பெண்ணும் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். களை எடுப்பது, காய் எடுப்பது. விடியும் முன்னே புறப்பாடு. இருட்டிய பின்னே வீடு. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு.

அப்படிப்பட்ட குடும்பம் ஒன்று, "பிள்ளைகளுக்கு மதுரையைக் காட்ட வேண்டும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குகிறது. வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கும் நாள் அது. அதை முழுசாக அனுபவிக்க முடிகிறதா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

பாதி நாள் பஸ்ஸிலே!

விடியற்காலை 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். போடிக்கு வந்து பஸ் மாற வேண்டும். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி கடந்து ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது சுமார் 9 மணி.

இரவு 9 மணிக்கு வீடு திரும்ப வேண்டுமானால், மாலை 5 மணிக்கே ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிவிட வேண்டும்.

ஆக, மொத்தம் 16 மணி நேரம். அதில் 8 மணி நேரம் வழியிலே போகிறது. மதுரைக்கு மிஞ்சுவது 8 மணி நேரம். அதிலும் சாப்பாடு உண்டு, பிள்ளைகளின் களைப்பு உண்டு.

"ரெயில்தான் வந்துவிட்டதே!" என்று கேட்கலாம். வந்தது உண்மை. ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

ரெயில் வந்த கதை

மதுரைக்கும் போடிக்கும் 1928-ம் ஆண்டு ரெயில் பாதை போடப்பட்டது. இரண்டாவது உலகப் போர் வந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1950-களில் மறுபடியும் பாதை வந்தது.

அகலப் பாதை ஆக்குவதற்காக 2010-ம் ஆண்டு முடிவில் ரெயில் மீண்டும் நின்றது. வேலை இழுத்தது. 2022 மே 26-ந் தேதி தேனி வரை ரெயில் ஓடியது. 2023 ஜூன் 15-ந் தேதி போடிக்கும் வந்து சேர்ந்தது. அதாவது, 12 ஆண்டுகளுக்கு மேல் போடி மக்கள் காத்திருந்தார்கள்!

தூரம் சுமார் 90 கிலோ மீட்டர். பயணம் ஏறக்குறைய 2 மணி நேரம். பஸ்ஸை விடக் கட்டணமும் குறைவு. ஏழைக் குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

நேரம்தான் வேண்டும்!

வேடிக்கை என்ன?

2023-ல் தொடங்கியபோது, தினசரி ரெயில் காலையில் மதுரையில் புறப்பட்டுப் போடிக்கு வந்தது. மாலையில் போடியில் புறப்பட்டு மதுரைக்குப் போனது. சென்னையில் இருந்து வாரம் மூன்று நாள் வந்த ரெயிலும் அப்படியே. காலையில் போடிக்கு வரும். இரவில் திரும்பும்.

இதனால் யாருக்கு வசதி? மதுரைக்காரருக்கு! காலையில் வந்து, மலையைப் பார்த்து, ஏலக்காய் வாங்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்பலாம்.

போடிக்காரர் இந்த ரெயிலில் மதுரைக்குப் போனால் என்ன ஆகும்? போய் இறங்கும்போது இருட்டிவிடும். திரும்பும் ரெயில் மறுநாள் காலையில். நடுவில் கிடைப்பது இரவு மட்டுமே. தூங்கிவிட்டுத் திரும்பலாம்!

இதற்குக் காரணம் யாருடைய பகையும் அல்ல. இரவில் மதுரையில் நிற்கும் வண்டி, காலையில் போடிப் பக்கம்தான் கிளம்ப முடியும். அதே வண்டி இரவில் போடியில் நின்றால், காலையில் மதுரைக்குக் கிளம்பும். காலை 6 மணிக்குப் போடியில் ஏறினால் 8 மணிக்கு மதுரை. மாலை 6 மணிக்கு மதுரையில் ஏறினால் 8 மணிக்குப் போடி.

அப்போது அந்தக் குடும்பத்துக்கு மதுரையில் 8 மணி நேரத்துக்குப் பதிலாக 10 மணி நேரம் கிடைக்கும். இரண்டு மணி நேரம்தானே என்று தள்ளிவிட முடியாது. அதில்தான் மாலைக் கோவில் தரிசனம் அடங்கியிருக்கிறது.

ரெயில் நேரங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே புறப்படும் முன் போடி நிலையத்தில் ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது.

ஜப்பான் சொல்லும் பாடம்

ஒரே நாளில் பழைய நகரத்தைப் பார்க்கும் ஆசை உலகம் எங்கும் உள்ளதுதான். ஜப்பானில் கியோட்டோ என்று ஒரு நகரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டின் தலைநகராக இருந்தது. கியோட்டோவிலும் பக்கத்து ஊர்களிலுமாக 17 இடங்களை யுனெஸ்கோ 1994-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே பொற்கோவில் வடமேற்கு மூலையில் இருக்கிறது. கியோமிசு கோவில் கிழக்கு மலைச்சரிவில். சிவப்பு வளைவுகள் நிறைந்த ஃபுஷிமி இனாரி தெற்கே. ஒரே நாளில் மூன்றையும் பார்க்கக் கிளம்புகிறவர் பாதி நாளைப் பஸ்ஸில் கழிக்கிறார்.

பஸ்ஸில் நாள் முழுவதும் சுற்ற அங்கே ஒரு நாள் டிக்கெட் விற்றார்கள். வெளியூர்க் கூட்டம் தாங்காமல் உள்ளூர் ஜனங்கள் பஸ்ஸில் ஏற முடியவில்லை. 2023-ல் அந்த டிக்கெட் விற்பனையை நிறுத்தினார்கள். சுரங்க ரெயிலையும் சேர்த்துப் பயன்படுத்தும் டிக்கெட்டை வாங்கும்படி சொன்னார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் அங்கே செய்வது என்ன? நகரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நடக்கிறார்கள். மற்றதை அடுத்த தடவைக்கு விடுகிறார்கள்.

மதுரைக்கும் அதே பாடம்தான். ஆனால் மதுரைக்கு ஒரு பாக்கியம் உண்டு. நடுவில் கோவில். அதைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. முக்கியமான பல இடங்கள் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன.

எதை எப்போது பார்ப்பது?

முதலில் கோவில். மீனாட்சி அம்மன் கோவில் நடை பகல் 12.30 மணி அளவில் சாத்தப்படும். மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். இது தெரியாமல் கடைவீதியில் நேரத்தைப் போக்கிவிட்டு, ஒரு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறவர்கள் பலர்.

கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. 2018-ல் தீ விபத்துக்குப் பிறகு வந்த தடை இது. ஒப்படைக்கவும் திரும்ப வாங்கவும் வரிசையில் நிற்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு போன் போதும்.

ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. பிள்ளைகளை எண்ணச் சொல்லலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் இந்தக் கோவிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை அவர்களுக்குக் கதவு அடைத்தே இருந்தது!

மேலமாசி வீதியில் ஒரு வீடு. 1921 செப்டம்பர் 22-ந் தேதி, காந்தி தம் உடையைக் குறைத்து இடுப்பு வேட்டிக்கு மாறியது அங்கேதான். நடந்து போகும் வழியிலேயே பார்க்கலாம்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் இரண்டில் ஒன்று. திருமலை நாயக்கர் மகால் 1636-ல் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். காந்தி நினைவு அருங்காட்சியகம் வைகைக்கு வடகரையில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது. 1959-ல் நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது.

இரண்டையும் ஒரே மதியத்தில் ஓடிப் பார்த்தால் இரண்டும் மனதில் நிற்காது. கீழடிக்கு இன்னொரு நாள் வேண்டும். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகம் ஊருக்கு வெளியே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. திரும்பும் கணக்கைக் காலையிலேயே போட வேண்டும். போடியில் இருந்து ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு? அதில் இருந்து பின்னோக்கி எண்ணினால்தான் மதுரையில் எப்போது கிளம்புவது என்பது தெரியும்.

யாருக்காக ரெயில்?

பொட்டிபுரத்துப் பெரியவர்களில் பலர் மதுரையைப் பார்த்தவர்கள்தான். ஆனால் அவர்கள் பார்த்தது பெரிய ஆஸ்பத்திரி! நோயாளிக்குத் துணையாக வந்து, வராந்தாவில் படுத்து, கோபுரத்தைத் தூரத்தில் கும்பிட்டுத் திரும்பியவர்கள்.

அவர்கள் பிள்ளைகளாவது மதுரையை மதுரையாகப் பார்க்க வேண்டாமா?

கோடிக்கணக்கில் செலவழித்துப் பாதை போட்டாயிற்று. காலையில் போடியில் இருந்து ஒரு வண்டி கிளம்பினால், ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் அல்ல, கல்லூரி மாணவனுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும், சிறு வியாபாரிக்கும் பயன்.

நாளின் நீளத்தை யாராலும் கூட்ட முடியாது. ரெயில் நேரத்தை மாற்ற முடியும்!