எந்திரம் கற்கிறது, நாம்?

கற்றல் மாந்தனுக்கே உரிய வினை என்று இறுமாந்திருந்த காலம் கழிந்தது. எந்திரமும் கற்கிறது. ஒரு தொடரில் அடுத்து வரும் சொல் எதுவென்று அது கணிக்கிறது, பிழைபடுகிறது, பிழையின் அளவை நுண்கணிதத்தால் அளந்து, தன்னுள் உள்ள கோடிக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக் கொள்கிறது. இவ்வளவே! இத்துறைக்கு அடித்தளமிட்ட ஆப்பீல்டு, இண்டன் இருவர்க்கும் 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

தமிழர் கருதவேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. எந்திரம் சொற்களைத் துண்டு துண்டாகவே உண்கிறது. ஒருங்குறியின் பெருவழக்கான பதிவுமுறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரே பைட்டில் அடங்கும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். குறியொன்றுக்கு மூன்றாகப் பதினைந்து பைட்டுகள். ஆங்கிலம் மிகுந்த தொகுப்பைக் கொண்டு துண்டங்களை வகுத்தபோது நம் சொற்கள் நொறுங்கின. துண்டு எண்ணியே கட்டணம் பெறுவதால், ஒரே கருத்துக்குத் தமிழன் மிகுதியாக இறுக்க நேர்ந்தது. 2024-இல் ஓப்பன் ஏஐ நிறுவனம் துண்டங்களைத் திருத்தி வகுத்தபின், முன்பு 116 துண்டுகளான ஒரு தமிழ்ப் பகுதி 35 ஆகச் சுருங்கியது. நம் மொழியில் குறையில்லை. வகுத்தவர் கணக்கில்தான் குறை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏஐ4பாரத் குழுவினர், 22 மொழிகளுக்கான மொழிபெயர்ப்புப் பொறியை 2023-இல் எவரும் எடுத்தாளுமாறு திறந்து வைத்தனர். பெயரை விடுங்கள்; பணி நற்பணியே. அதே கழகம் 2020-இல் தரவு அறிவியலுக்கு இணையவழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. கடுமையான பொது நுழைவுத் தேர்வின்றி, தகுதித் தேர்வொன்றின் வழியே சிற்றூர் மாணவரும் சேரலாம். வரவேற்கிறோம். ஆயின் அதன் அடிப்படை நிலைப் பாடங்கள் எட்டனுள் இரண்டு ஆங்கிலப் பாடங்கள்! கணக்கில் வல்ல பிள்ளை மொழியில் இடறி வீழ்வதற்கு இது போதாதா?

தமிழில் சொல் இல்லை என்பார் பள்ளி நூலைப் புரட்டட்டும். நிகழ்தகவு உண்டு; வகைநுண்கணிதம் உண்டு; அணிகள் உண்டு. 'வெக்டர்' என்று நம் பாடநூல்கள் தயங்கி எழுதுவதை ஈழத்தவர் 'காவி' என்றே வழங்கினர். அணியை அவர்கள் 'தாயம்' என்பர். இரு கரையாரும் ஒன்றுகூடி ஒரே சொல்லை ஏன் முடிவு செய்யவில்லை? இதற்கு அரசாணை தேவையில்லையே!

இன்னொன்று. எந்திரம் நாம் எழுதியதையே கற்கும். கலப்புத் தமிழைக் கொட்டினால் கலப்புத் தமிழையே திருப்பித் தரும். அதனைப் படித்து வளரும் பிள்ளை அதுவே தமிழென்று நம்பும். ஆதலின் கணக்கறிந்த தமிழாசிரியரும் தமிழறிந்த கணக்காசிரியரும் இன்றே பாடங்களை நல்ல தமிழில் எழுதி, எவரும் படிக்குமாறு இணையத்தில் இடுக. முதற்பாடமாக நிகழ்தகவைக் கொள்ளலாம். அதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் முன்பே நம்மிடம் உள்ளன.