‘எனக்கு வாய்ப்பு எவ்வளவு?’ என்பது யாரிடம் கேட்க வேண்டிய கேள்வி

மேலாண்மையில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான பருவம் நெருங்கினால் ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்து சேர்கிறது. கேட் தேர்வில் இத்தனை பெர்சன்டைல், முதுகலையில் இத்தனை விழுக்காடு, இரண்டாண்டுப் பணி அனுபவம். ஐஐஎம்மில் எனக்கு வாய்ப்பு எவ்வளவு? உடனே நாலு பேர் தீர்ப்பு வழங்குவார்கள்: அகமதாபாத் கடினம், பெங்களூர் பார்க்கலாம், புதிய ஐஐஎம் என்றால் நிச்சயம். இவற்றில் பெரும்பகுதி சோதிடம். கேட்பவர்களை நான் குறை சொல்லவில்லை. சோதிடத்தைத் தவிர வேறு வழியின்றிச் செய்துவைத்திருக்கும் நிறுவனங்கள் மீதே என் வழக்கு.

கேட் 120 நிமிடத் தேர்வு. எம்பிஏ படிக்க விரும்பும் லட்சக்கணக்கானோரை விரைவாக வடிகட்டுவதற்கென உருவானது. ஒரே வினாவோடு நான்கைந்து ஆண்டுகள் மல்லுக்கட்டும் பொறுமையை அது அளப்பதில்லை. அளப்பதாக அதை நடத்துபவர்களும் சொல்வதில்லை. ஜிமேட், ஜிஆர்இ மதிப்பெண்களையும் இளநிலை ஆய்வு நல்கைத் தகுதியையும் ஐஐஎம்கள் பொதுவாக ஏற்பதிலிருந்தே இது விளங்கும். மதிப்பெண் நேர்காணல் அறையின் கதவு வரை கொண்டு விடும். அதற்குமேல் தீர்மானிப்பவை வேறு: அவ்வாண்டு நிதியியலுக்கு எத்தனை இடம், சந்தையியலுக்கு எத்தனை இடம், எந்தப் பேராசிரியரால் இன்னொரு மாணவரை ஏற்க இயலும், உங்கள் ஆய்வு வினா அங்குள்ள எவருடைய அக்கறைக்காவது அருகில் இருக்கிறதா. ஒரு துறை ஓராண்டில் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே ஆள் எடுக்கிறது. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ‘எழுபது விழுக்காடு வாய்ப்பு’ என்பவருக்குப் புள்ளியியல் தெரியாது, அல்லது தெரிந்தே விற்கிறார்.

இந்த விவரங்கள் யாருக்குத் தெரியும்? அதே வளாகத்தில் எம்பிஏ முடித்தவருக்கு, அங்கே மூத்த மாணவர் ஒருவரை அறிந்தவருக்கு, பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு. முசாபர்பூரிலோ கலபுரகியிலோ அரசுக் கல்லூரியில் பொருளியல் படித்த மாணவிக்குத் தெரியாது. அவர் சுயவிவர மதிப்பீடு என்ற பெயரில் ஆலோசனை மையத்துக்குப் பணம் கட்டுவார்.

மொழியியல் படித்தவன் என்பதால் ஓர் இடைக்குறிப்பு. ‘வாய்ப்பு’ என்ற சொல் நிகழ்தகவையும் சுட்டும், சந்தர்ப்பத்தையும் சுட்டும். அதன் வினையான ‘வாய்’ நான்காம் வேற்றுமையோடு வருவது: எனக்கு வாய்த்தது. கொடுத்தவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. சேர்க்கைக் குழுக்களுக்கு இதைவிட வசதியான இலக்கணம் அமையாது.

கொடுப்பவரைக் கண்ணுக்குத் தெரியவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அகமதாபாத்தே சான்று. மத்தியக் கல்வி நிறுவனங்களில் இட ஒதுக்கீட்டுச் சட்டம் 2006-இல் நிறைவேறியது. அங்கே முனைவர் பட்டச் சேர்க்கையில் இட ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டதோ 2025 சேர்க்கைக்குத்தான். அதுவும் குஜராத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்த பிறகு. இடைப்பட்ட ஆண்டுகளில் ‘என் வாய்ப்பு எவ்வளவு’ என்று கேட்ட தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு எந்தப் பெர்சன்டைல் கணக்கு நேர்மையான விடை தந்திருக்கும்?

ஆய்வுத் திறன் நுண்ணியது, அதை எண்ணாக்க இயலாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஒருவருடைய திறனை எண்ணாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. துறைவாரியாகவும் இட ஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகவும் நான்கு எண்ணிக்கைகளே என் கோரிக்கை: விண்ணப்பித்தோர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர், இடம் வழங்கப்பட்டோர், சேர்ந்தோர். கூடவே, வரும் ஆண்டில் எந்தத் துறைக்கு எத்தனை இடம் என்ற முன்னறிவிப்பு. பெருநிறுவனங்களின் வெளிப்படைத்தன்மை பற்றிப் பருவம் முழுக்கப் பாடம் நடத்துபவர்களுக்கு இது பெரிய சுமையாகாது.

ஐஐஎம்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. கட்டணம் 10 ரூபாய், விடையளிக்க 30 நாள். கடந்த ஐந்தாண்டுகளுக்கான அந்த நான்கு எண்ணிக்கைகளையும் கேட்டு, நீங்கள் விண்ணப்பிக்கவிருக்கும் நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள். வரும் விடையையும், மறுப்பு வந்தால் அதையும் எனக்கு அனுப்புங்கள். அட்டவணையாகத் தொகுத்து, விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன் வெளியிடுகிறேன்.